சான்போவுக்குக் கடைசி ரயில்

2022 ஏப்ரல் 9, சனிக்கிழமை. அன்றிரவு கொரியத் தொலைக்காட்சியில் இரண்டு தொடர்கள் தொடங்கின. ஒன்று ஜேஜு தீவில் நடக்கும் 'அவர் ப்ளூஸ்'. லீ பியோங்-ஹுன், ஷின் மின்-ஆ, கிம் வூ-பின் என்று நடிகர் பட்டியலே கூட்டத்தைச் சேர்த்துவிடும். இன்னொன்று, இரவு பத்தரைக்கு ஜேடிபிசியில் வந்த 'மை லிபரேஷன் நோட்ஸ்'. திங்கட்கிழமை காலை எங்கள் ஆய்வகத்தில் எல்லாரும் ஜேஜு தீவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவதைப் பார்த்திருந்த நண்பர் ஒருவர், "யாரோ வயல்ல வேலை செய்றாங்க, யாரோ சாப்பிடுறாங்க, ரயில் ஏறிப் போறாங்க, வர்றாங்க. அவ்வளவுதான்" என்றார். பார்த்துத்தான் ஆகவேண்டும் என்றால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார் என்று யோசனையும் சொன்னார்.

அவர் சொன்ன விவரம் சரி. யோசனையைத்தான் நான் ஏற்கவில்லை.

அப்போது நான் குடியிருந்தது சூவோனில்; வேலை சியோலில். சியோலில் ஒற்றை அறை எடுக்க வேண்டுமானால் வீட்டுக்காரர் கையில் கொடுக்கவேண்டிய முன்பணமே மலைக்க வைக்கும். அதனால் என்னைப் போன்றவர்கள் கியோங்கி மாகாணத்தில்தான் அறை தேடுவோம். சியோலைச் சுற்றி வளைத்துக் கிடக்கிற மாகாணம் அது. மக்கள்தொகை 1 கோடியே 30 லட்சத்துக்கு மேல், தலைநகரைவிடவே அதிகம். ஆனாலும் வேலைக்கும் நண்பர்களைப் பார்ப்பதற்கும் ஒரு நல்ல படம் பார்ப்பதற்கும் சியோலுக்குத்தான் ஓடவேண்டும். காலையில் ஹ்வாசோ நிலையத்தில் முதலாம் வழித்தட ரயிலைப் பிடித்தால், கும்ஜோங், ஆன்யாங், குரோ என்று ஊர் ஊராக நின்று, நோர்யாங்ஜின் தாண்டி ஹான் நதிப் பாலத்தில் ஏறும். சியோல் நிலையத்தில் இறங்கும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அதன் பிறகுதான் அன்றைய நாளே தொடங்கும்.

தொடரின் முதல் அத்தியாயத்தைப் பார்த்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான். சான்போ என்ற கற்பனை ஊர், கியோங்கி மாகாணத்தின் ஓரத்தில். அங்கே யோம் குடும்பம். அப்பா சமையலறைத் தொட்டிகளும் அலமாரிகளும் செய்து வீடுகளில் பொருத்துகிறவர், கூடவே விவசாயம். கி-ஜோங், சாங்-ஹி, மி-ஜோங் என்று மூன்று பிள்ளைகள். மூவரும் வளர்ந்தவர்கள், மூவரும் மணமாகாதவர்கள், மூவரும் சியோலில் வேலை பார்க்கிறவர்கள். காலையில் போகிறார்கள், இரவில் திரும்புகிறார்கள். அலுவலக விருந்தில் நேரமாகிவிட்டால் ஒருவருக்கொருவர் போன் செய்து, நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டு, மூவரும் ஒரே டாக்சியில் ஏறி வாடகையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். சனி, ஞாயிறில் அப்பாவோடு வயலில் இறங்குகிறார்கள். அத்தியாயம் முடிந்துவிடுகிறது.

அந்த டாக்சிக் காட்சி வேறு எந்த வருஷத்தில் வந்திருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது. கொரோனாக் கட்டுப்பாடுகளை ஏப்ரல் 18ஆம் தேதி அரசு விலக்கிக்கொண்டது. உணவகங்கள் நள்ளிரவு தாண்டியும் திறந்திருந்தன. இரண்டு வருஷமாக நின்றுபோயிருந்த அலுவலக விருந்துகள் ஒரே மூச்சில் திரும்பி வந்தன. ஆனால் இரவில் டாக்சி கிடைக்கவில்லை. அந்தப் பஞ்சம் பத்திரிகைகளில் நாள்தோறும் செய்தியாக வந்தது. சியோலின் சாதாங் நிலையத்துக்கு வெளியே சூவோன் போகும் 7770 சிவப்புப் பேருந்துக்கான வரிசை, கடைகளைத் தாண்டி வளைந்து நிற்கும். அந்த வரிசையில் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். நின்றபடியே தூங்குகிறவர்களை அங்கே பார்த்திருக்கிறேன். மி-ஜோங் ரயிலில் நிற்கும்போது கிம் ஜி-வோனின் முகத்தில் இருப்பது அந்த வரிசையின் முகம். அழுகை இல்லை, கோபம் இல்லை. வீடு போய்ச் சேரும்வரை முகத்தை எதற்கும் செலவழிக்காமல் வைத்திருக்கிற ஒரு முகம்.

சாங்-ஹியாக வருபவர் லீ மின்-கி. அவனை விட்டுப் போன காதலி ஒருத்தி, சியோல் மஞ்சள் கரு, கியோங்கி அதைச் சுற்றியிருக்கும் வெள்ளைக் கரு என்று சொல்லியிருக்கிறாள். அதை அவனால் மறக்க முடியவில்லை. கார் வாங்க வேண்டும் என்று அப்பாவிடம் மன்றாடுகிறான். கார் இல்லாதவன் கடைசி ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டேதான் காதலிக்க வேண்டும். முத்தத்துக்கும் கால அட்டவணை உண்டு என்பது கியோங்கிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயம்.

என் அறையில் தொலைக்காட்சி கிடையாது. கீழ் வீட்டில் வீட்டுக்காரப் பாட்டி தனியாக இருந்தார். எழுபதைத் தாண்டியவர். மொட்டைமாடியில் தெர்மாகோல் பெட்டிகளில் மிளகாயும் பெரில்லாக் கீரையும் வளர்ப்பார். நான் அவரை ஹால்மோனி, அதாவது பாட்டி, என்பேன். அவர் என்னை சோன்செங் என்பார், வாத்தியாரம்மா என்பது போல. இரண்டாவது வார இறுதியிலிருந்து அந்தத் தொடரை அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் பார்த்தேன். முளைகட்டிய சோயாவைக் கூடையில் கொட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக வால் கிள்ளி எடுத்தபடியே அவர் பார்ப்பார். நானும் கிள்ளுவேன்.

அந்தத் தொலைக்காட்சியில் துணைத்தலைப்பு வராது. என் கொரியமோ கடைத்தெருவுக்கும் ஆய்வகத்துக்கும் போதுமான அளவுதான். ஆனால் முக்கால்வாசி எனக்குப் புரிந்தது! வேகமான கொரியத் தொடர்களில் ஐந்து நிமிஷம் துணைத்தலைப்பு இல்லாவிட்டால் யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள் என்றே தெரியாது. இங்கே அப்படியில்லை. அப்பா சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைக்கிற விதத்தில் சேதி இருக்கிறது. மூத்தவள் செருப்பைக் கழற்றிப் போடுகிற விதத்தில் இருக்கிறது. சாங்-ஹியின் நீண்ட பேச்சுகள் மட்டும்தான் எனக்குப் பிடிபடாமல் ஓடும். பாட்டி அவற்றை இரண்டு வரியில் சுருக்கிச் சொல்வார். பின்னால் என் அறைக்குப் போய் நெட்ஃபிளிக்ஸில் அதே அத்தியாயத்தை ஆங்கில எழுத்துகளோடு பார்ப்பேன். சொற்கள் தெரிந்த பிறகு கூடுதலாகக் கிடைத்தது எவ்வளவு குறைவு என்பதைக் கவனித்தபோதுதான் எழுத்தாளர் பார்க் ஹே-யோங் மீதும் இயக்குநர் கிம் சோக்-யுன் மீதும் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

பார்க் ஹே-யோங்கின் பெயரை ஏற்கெனவே தெரிந்தவர்கள் 2018இல் வந்த 'மை மிஸ்டர்' தொடரைப் பார்த்திருப்பார்கள். அதிலும் பேசாத மனிதர்கள்தான். ஆனால் அங்கே கடன்காரன் இருந்தான், ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது, அலுவலக அரசியல் இருந்தது. கதையை இழுத்துப்போகக் கயிறுகள் இருந்தன. நான்கு வருஷம் கழித்து இந்தத் தொடரில் அந்தக் கயிறுகளில் பலவற்றை அவர் அறுத்துவிட்டார். அது எழுத்தாளர் ஒருவர் எடுத்துக்கொள்ளக்கூடிய மிகப் பெரிய துணிச்சல் என்று நினைக்கிறேன்.

நம் ஊர் நெடுந்தொடர்களும் மெதுவானவைதானே என்று கேட்கலாம். ஒரு வார்த்தைக்கு வீட்டிலுள்ள அத்தனை பேர் முகத்தையும் மூன்று மூன்று முறை காட்டுவதைப் பார்த்து வளர்ந்தவள்தான் நானும். அங்கே நடப்பது நேரத்தை நிரப்புவது. நடந்த ஒன்றையே திரும்பத் திரும்பக் காட்டி நாளைக்கு வரவழைப்பது. சான்போவில் எதுவும் இரண்டு முறை காட்டப்படுவதில்லை. மற்ற தொடர்கள் வெட்டி எறிகிற நேரத்தை இவர்கள் வெட்டாமல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நிலையத்திலிருந்து வீட்டுக்கு இருட்டில் நடக்கும் நேரம், வயலில் குனிந்து நிமிரும் நேரம், பேச்சில்லாமல் சாப்பிடும் நேரம். ஒரு மனுஷியின் வாழ்நாளில் பெரும்பகுதி இந்த நேரங்களில்தான் போகிறது. அதைக் காட்டாமல் அவளுடைய களைப்பை மட்டும் எப்படிக் காட்ட முடியும்?

அப்படிப் பொறுத்து வைத்ததன் பலனை நான்காம் அத்தியாயத்தின் கடைசியில் பார்த்தோம். அந்த ஊருக்கு எங்கிருந்தோ வந்து தங்கிய ஒருவன், பெயர்கூடத் தெரியாது, கு என்று மட்டும் கூப்பிடுகிறார்கள். அப்பாவிடம் தொட்டி செய்யும் வேலை. வேலை முடிந்தால் வாசலில் உட்கார்ந்து சோஜு குடித்துக்கொண்டு மலையைப் பார்ப்பான். மி-ஜோங் ஒருநாள் அவன் முன்னால் போய் நின்று, குளிர்காலம் வருவதற்குள் என்னை நீ வழிபட வேண்டும் என்று கேட்கிறாள். காதலிக்கச் சொல்லவில்லை, காதல் அவளுக்குப் போதவில்லை. பிறகு ஒருநாள் வயலில் காற்று அவளுடைய தொப்பியைத் தூக்கி ஓடைக்கு அந்தப்பக்கம் போடுகிறது. கு பின்னால் நடக்கிறான். இன்னும் பின்னால் போகிறான். ஓடி வந்து தாவுகிறான். அந்த அகலத்தைச் சாதாரண மனிதன் தாவ முடியாது. குடும்பமே வாயடைத்து நிற்கிறது. பாட்டி கிள்ளுவதை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தது அப்போதுதான். நான்கு அத்தியாயங்களாக உட்கார்ந்தே இருந்தவன் எழுந்து ஓடினால் அது என்னவாகத் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். அவள் கேட்டதற்கு அவன் சொன்ன பதில் அந்தத் தாவல். வேகமாக ஓட்டிப் பார்த்தவருக்கு அது வெறும் குதி.

ஆனால் பாட்டி பார்த்துக்கொண்டிருந்தது வேறு தொடர். எனக்கு மி-ஜோங், அவருக்கு அந்த வீட்டு அம்மா. லீ கியோங்-சோங் என்ற நடிகை செய்திருக்கிறார். அந்த அம்மா தொழிற்கூடத்தில் கணவனுக்குக் கைகொடுக்கிறார், வயலுக்குப் போகிறார், எல்லாருக்கும் முன்னால் வீட்டுக்கு ஓடி வந்து உலை வைக்கிறார். கு-வுக்கும் சேர்த்துப் பக்கக்கறி எடுத்து வைக்கிறார். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த பிறகும் எதையாவது எடுக்க எழுந்து போகிறார். கேமரா அவரைத் தேடிப்போவதே இல்லை. காட்சியின் ஓரத்தில் எங்கோ அவர் அசைந்துகொண்டே இருப்பார்.

"பார்த்தியா சோன்செங், அந்தம்மா இன்னும் உட்காரல," என்பார் பாட்டி. வாரம் தவறாமல் சொல்வார். நான் தலையாட்டிவிட்டு மி-ஜோங்கைப் பார்ப்பேன்.

பதின்மூன்றாம் அத்தியாயத்தில் அந்த அம்மா வீட்டுக்கு வருகிறார், அரிசி களைந்து அடுப்பில் வைக்கிறார், சற்றுப் படுக்கிறார். எழுந்திருக்கவில்லை. முன்னறிவிப்பாக இருமல் கிடையாது, மருத்துவமனை கிடையாது, பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு பேசும் கடைசி வார்த்தை கிடையாது. அடுப்பில் வைத்த சோறு கவனிக்க ஆளில்லாமல் கருகுகிறது. மரணத்தைக் கதையின் திருப்பமாக வைக்கிற தொடர்கள் ஆயிரம் உண்டு. இங்கே அது திருப்பமாகவே வைக்கப்படவில்லை. அந்த அம்மா அன்றைக்கும் நாம் கவனிக்காத நேரத்தில்தான் போனார். பன்னிரண்டு அத்தியாயங்கள் அவரை ஓரத்திலேயே வைத்திருந்தது எதற்காக என்று அப்போது தெரிந்தது. பாட்டி முதலிலிருந்தே சரியான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் அழவில்லை. "எங்க அம்மாவும் இப்படித்தான். நெல்லு அறுவடை முடிஞ்ச மறுநாள்," என்று மட்டும் சொன்னார். போருக்குப் பின் வந்த பஞ்ச காலத்தில் வளர்ந்த தலைமுறை அவருடையது. அதற்கு மேல் அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. கூடையில் மிச்சமிருந்த முளைகளைக் கிள்ளி முடித்தோம். அடுத்த வாரம், அந்த வீட்டு அப்பா மறுமணம் செய்துகொண்டதைக் காட்டியபோதுதான் அவருக்கு மனம் ஆறவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். எனக்கோ அந்த முடிவில் உண்மை இருப்பதாகவே பட்டது. சோறு வைக்கத் தெரியாமலே கிழவனான ஒரு மனிதர், பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்ட வீட்டில் வேறு என்ன செய்வார்? இதில் பாட்டியும் நானும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

தொடரில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். கு சியோலுக்குத் திரும்பியதும் கதை நிலவறை மதுக்கூடங்களுக்குள் போகிறது. பணம் வசூலிப்பது, ஏமாற்றுகிறவர்கள், அடிதடி. கு-வாக வரும் சோன் சோக்-கு நன்றாகத்தான் செய்கிறார். இருந்தாலும் அந்த உலகம் வேறு ஐம்பது கொரியத் தொடர்களில் பார்த்து அலுத்த உலகம். அவன் வாசலில் உட்கார்ந்து மலையைப் பார்த்தபோது இருந்த பயமும் மர்மமும் அவன் தொழில் தெரிந்ததும் பாதியாகிவிட்டன. எங்கிருந்து வந்தான் என்று சொல்லாமலே விட்டிருக்கலாம்.

சாங்-ஹியின் பேச்சையும் சிலர் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அவன்தான் இந்தத் தொடரின் உச்சம். ஓயாமல் பேசுகிறவன், எல்லாவற்றையும் எல்லாரிடமும் கொட்டிவிடுகிறவன், ஒரே ஒரு விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. தோழி ஹ்யோன்-ஆவின் முன்னாள் காதலன் மருத்துவமனையில் சாகக் கிடக்கிறான். அதே நாளில் சாங்-ஹியின் வாழ்க்கையையே மாற்றக்கூடிய வியாபாரச் சந்திப்பு ஒன்று இருக்கிறது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுடும் இயந்திர வியாபாரம். கிளம்பியவன், படுக்கையில் கிடப்பவனின் நேரம் நெருங்கிவிட்டதைப் பார்க்கிறான். ஏற்கெனவே தாத்தா, பாட்டி, அம்மா என்று தன் வீட்டு மரணங்களில் உடனிருந்தவன் அவன். உட்கார்ந்துவிடுகிறான். பயப்படாமல் போ, நான் இருக்கிறேன் என்கிற மாதிரி மெதுவாகப் பேசுகிறான். வியாபாரம் கைநழுவிப்போகிறது. ஏன் போகவில்லை என்று நண்பர்கள் திட்டும்போதும் காரணத்தைச் சொல்லவில்லை. கடைசி அத்தியாயத்தில் தவறான வகுப்பறைக்குள் நுழைந்துவிடுகிறான். அது ஈமச்சடங்கு நடத்துவோருக்கான பயிற்சி வகுப்பு. எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறான். இதைப் பதினாறு அத்தியாயங்களுக்குக் குறைவாக யாரும் சொல்லிவிட முடியாது.

மி-ஜோங்கின் அலுவலகத்தில் நடக்கும் ஒன்றையும் சொல்லவேண்டும். ஏதாவது ஒரு மன்றத்தில் சேர்ந்தே தீரவேண்டும் என்று நிர்வாகம் நெருக்குகிறது. சேர மறுத்த மூவர் கூடி 'விடுதலை மன்றம்' ஒன்றைத் தொடங்குகிறார்கள். ஒருவரையொருவர் பார்த்து உட்காராமல் ஒரே பக்கமாக உட்கார்கிறார்கள். சந்தோஷமாக இருப்பது போல் நடிக்கக் கூடாது, துயரப்படுவது போலவும் நடிக்கக் கூடாது, யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது, ஆறுதலும் சொல்லக் கூடாது என்பவை அவர்களுடைய விதிகள். வெளிநாட்டில் தனியாக இருந்த எனக்கு அந்த வருஷம் எல்லாப் பக்கமிருந்தும் புத்தியும் ஆறுதலும் வந்துகொண்டிருந்தன. அந்த மூவர் உட்கார்ந்திருந்த மேசை மீது எனக்கு ஏக்கமே வந்தது.

முதல் அத்தியாயத்துக்கு 2.9 சதவீதமாக இருந்த பார்வையாளர் அளவு, மே 29 அன்று கடைசி அத்தியாயத்துக்கு 6.7 சதவீதமானது. இடையில் மே 18இல் சோன் சோக்-கு வில்லனாக நடித்த 'தி ரவுண்டப்' திரையரங்குகளுக்கு வந்து, கொரியாவில் மட்டும் 1 கோடியே 20 லட்சம் பேருக்கு மேல் அதைப் பார்த்தார்கள். அதனாலும் கூட்டம் வந்திருக்கலாம். அடுத்த வருஷம் கொரியாவின் பேக்சாங் விருது விழாவில் சிறந்த தொலைக்காட்சித் திரைக்கதைக்கான விருது பார்க் ஹே-யோங்குக்குக் கிடைத்தது. ஆய்வக நண்பரும் கடைசியில் பார்த்தார். யூடியூப்பில் யாரோ சுருக்கிப் போட்டிருந்த தொகுப்பைப் பார்த்துவிட்டு, கதை நன்றாகத்தான் இருக்கிறது என்றார். கதையைத் தெரிந்துகொண்டார், தொடரைப் பார்க்கவில்லை.

முடிவுப் பகுதியில் மி-ஜோங், தான் எப்படிச் சமாளிக்கிறேன் என்று கு-விடம் சொல்கிறாள். கடையில் ஒரு பிள்ளைக்குக் கதவைப் பிடித்துக்கொண்டால், அது நன்றி சொல்லும்போது ஏழு விநாடி மகிழ்ச்சி. காலையில் கண் விழித்து, இன்று சனிக்கிழமை என்று நினைவு வந்தால் பத்து விநாடி. இப்படி ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம் சேர்ந்தால் போதும் என்கிறாள். விநாடி விநாடியாக எண்ணிச் சேர்க்கிறவளின் கதையை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால் அந்த ஏழு விநாடி ஐந்து விநாடிகூட ஆகாது.

தொடர் இன்றும் நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது. மொத்தம் 16 அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஒளிபரப்பானது போலவே சனிக்கு ஒன்று, ஞாயிறுக்கு ஒன்று என்று எட்டு வாரம் பாருங்கள். கையில் ஏதாவது வேலை இருந்தாலும் பரவாயில்லை, வேகத்தை மட்டும் கூட்டாதீர்கள். நான்காம் அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்திவிடாதீர்கள். அந்த வீட்டு அம்மாவை முதல் அத்தியாயத்திலிருந்தே கவனியுங்கள்.